பெரியம்மாவுக்கு 10 ஜடை, பெரியப்பாவுக்கு 11

2023 ஜூலை 10 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் பனி விழுந்தது. இந்த ஊர் பனியைப் பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு முன் நன்றாகப் பெய்தது 2012 ஆகஸ்டில்தான். இந்த ஊரின் லெனேசியா பகுதியில் நான் பெரியம்மா, பெரியப்பா என்று கூப்பிடும் தம்பதி அன்று வாசலில் இறங்கி அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்கள். பெரியம்மா தலையில் ஒரு துண்டு. பெரியப்பா தலையில் அதுவும் இல்லை. இருவர் கையும் வெறுங்கை. கொஞ்ச நேரத்தில் பெரியப்பா தன் கோட்டுப் பையில் பெரியம்மாவின் கையையும் சேர்த்து நுழைத்துக்கொண்டார். நான் தெருவின் எதிர்ப்பக்கம் காரை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தேன்.

அவர்கள் எனக்கு ரத்த உறவு இல்லை. கோவில் பழக்கம். என் மதுரைத் தமிழும், அவர்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து மிச்சமிருக்கும் வட ஆற்காட்டுத் தமிழும் அன்னதானக் கூடத்தில் சந்தித்துக்கொண்டன, அவ்வளவுதான். நடுநடுவே ஆங்கிலம் வந்து கை கொடுக்கும்.

2024 மார்ச்சில் இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். ஆகஸ்டில் கல்யாணமாகி 40 வருடம் நிறைகிறது. ஆடி அமாவாசைப் படையல் முடிந்த மறுநாள் விமானத்தில் கேப் டவுன், அங்கிருந்து காரில் சதர்லாந்து. பெரியப்பா ஓய்வு பெறும்வரை பள்ளியில் அறிவியல் நடத்தியவர். சதர்லாந்தில் இருக்கும் 'சால்ட்' தொலைநோக்கியைப் பற்றி 2005-இல் அது திறக்கப்பட்டதிலிருந்தே பேசிக்கொண்டிருப்பவர். 91 அறுகோணக் கண்ணாடிகளைச் சேர்த்துச் செய்த அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும், இரவில் வெளியே நின்று வானத்தையும் பார்க்க வேண்டும். "புள்ள, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி பின்னிக் குடு. குல்லா, கழுத்துக்கு, கைக்கு. பாத்தா ஜோடின்னு தெரியணும்" என்றார் பெரியம்மா.

இந்தச் செட்டை முடிக்க நான் இரண்டு தடவை பின்ன வேண்டி வந்தது. முதல் தடவை எங்கே தவறினேன், இரண்டாவது தடவை என்ன மாற்றினேன் என்பதை அளவுகளோடு எழுதிவைக்கிறேன். ஜோடிக்குப் பின்ன உட்காருகிற யாருக்கும் இது நேரத்தை மிச்சப்படுத்தும்.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் வெயில்தான் நினைவுக்கு வரும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது. நம் ஊர் ஆடியில் காற்று அம்மியைத் தூக்கும். இங்கே ஆடி நடுக் குளிர்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஞாயிறுகளில் விடியற்காலைப் புல்லெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். பகலில் பளிச்சென்று வெயில், பொழுது சாய்ந்தால் நாலைந்து டிகிரி. பெரும்பாலான வீடுகளில் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு கட்டும்போதே வருவதில்லை. ஒரு ஹீட்டரை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கம். அதனால் குல்லாவும் சாலும் இங்கே வீட்டுக்குள்ளேயும் தேவைப்படும்.

சதர்லாந்து இதைவிடக் கடுமை. ஊர் 1,450 மீட்டர் உயரத்தில் கரூ வறண்ட நிலத்தின் விளிம்பில் இருக்கிறது. தொலைநோக்கி நிற்கும் மேடு ஏறக்குறைய 1,800 மீட்டர். நாட்டின் மிகக் குளிர்ந்த ஊர்களில் ஒன்று என்று பெயர். குளிர்கால இரவில் சுழியத்துக்குக் கீழே போவது அங்கே சாதாரணம். அங்கே போய் ஒரு மணி நேரம் அசையாமல் நின்று வானம் பார்ப்பது, நடந்துகொண்டே இருப்பதைப் போல அல்ல. உடம்பு அவ்வளவு சூடு உண்டாக்காது.

முதல் செட்

எனக்குப் பின்னல் வந்தது இங்கே வந்த பிறகுதான். ஜூலை 18 மண்டேலா நாளையொட்டிக் கொடுப்பதற்காகப் போர்வைச் சதுரங்கள் பின்னும் ஒரு குழுவில் பக்கத்து வீட்டு அம்மா என்னைச் சேர்த்துவிட்டார். சதுரம் பின்னிப் பழகியவளுக்கு அளவு பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. அரை செண்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் போர்வைக்கு ஒன்றும் ஆகாது. தலைக்கு ஆகும்.

வடிவம் ஜடைப் பின்னல். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல் வளையமும் ஒரு கண்ணி. சில கண்ணிகளைத் தனி ஊசியில் எடுத்து முன்னாலோ பின்னாலோ நிறுத்திவிட்டு, அடுத்த கண்ணிகளை முதலில் பின்னி, பிறகு நிறுத்தியதைப் பின்னினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரி போல முறுக்கிக்கொள்ளும். ஒரு ஜடைக்கும் அதை ஒட்டிய பள்ளத்துக்கும் சேர்த்து 12 கண்ணி. குல்லாவைச் சுற்றி 9 ஜடை, மொத்தம் 108 கண்ணி. இருவருக்கும் அதே 108.

இதுதான் முதல் தவறு. ஜோடி என்றால் ஒரே எண்ணிக்கை என்று நினைத்துவிட்டேன்.

அதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்திருந்தது. மாதிரித் துண்டை ஜடை இல்லாமல் வெற்றுப் பின்னலில் போட்டுப் பார்த்தேன். 10 செண்டிமீட்டருக்கு 22 கண்ணி வந்தது. 108 கண்ணி என்றால் 49 செண்டிமீட்டர். குல்லா தலையைவிடக் கொஞ்சம் சிறிதாக இருந்தால்தான் பிடித்து நிற்கும் என்பதால் சரியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் ஜடை துணியை உள்ளே இழுக்கும். தலைமுடியைப் பின்னினால் விரித்துப் போட்ட அகலம் இருக்குமா? அதே கதைதான். ஜடை விழுந்ததும் 10 செண்டிமீட்டருக்கு 25 கண்ணி ஆகிவிட்டது. குல்லா 43 செண்டிமீட்டரில் வந்து நின்றது.

பெரியம்மாவின் தலை 54 செண்டிமீட்டர். பெரியப்பாவுடையது 59. பெரியம்மாவுக்கு நெற்றியில் சிவப்பாகத் தடம் விழுந்தது. பெரியப்பாவுக்குக் காதை மூடவே இல்லை. போட்டுவிட்டுக் கையை எடுத்ததும் மெல்ல மெல்ல மேலே ஏறியது. அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார். அந்த இழுத்துப் பிடித்த கையைப் பார்த்ததும் இதைப் பிரிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அரிப்பு

பெரியம்மா குல்லாவைக் கழற்றிய பிறகும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இறுக்கம் மட்டும் காரணமில்லை. நூலும் காரணம்.

நான் எடுத்திருந்தது மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் முடி, அதிகம் கலந்த நூல். உலக மொஹேரில் ஏறக்குறைய பாதி இந்த நாட்டிலிருந்துதான் போகிறது. கிழக்குக் கேப் மாகாணத்தின் கரூ பகுதியில் அங்கோரா ஆடுகள் வளர்கின்றன. அந்த ஆடுகள் 1838-இல் துருக்கியிலிருந்து கப்பலில் வந்தன. அனுப்பியவர்கள் கிடாக்களையெல்லாம் மலடாக்கித்தான் அனுப்பினார்கள், ஒரு பெட்டை மட்டும் சினையாக இருந்து வழியில் கிடாக்குட்டி போட்டுவிட்டது, இத்தனை மந்தையும் அங்கிருந்துதான் என்று இங்கே கதை சொல்வார்கள். அந்த நூலில் பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் பின்ன வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் லேபிளை நான் முழுதாகப் படிக்கவில்லை.

மொஹேர் எல்லாம் ஒன்றல்ல. குட்டி ஆட்டின் முடி 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) தடிமனுக்குப் பக்கத்தில் இருக்கும். வளர்ந்த ஆட்டின் முடி 35, 40 வரை போகும். மெரினோ செம்மறியின் ரோமம் 18 முதல் 22. ஏறக்குறைய 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழையின் நுனி, தோலில் பட்டால் வளைந்து கொடுக்காது, குத்தும். அந்த மாதிரி இழைகள் நூலில் கொஞ்சம் இருந்தாலே போதும், சிலருக்கு அரிப்பு எடுத்துவிடும். பெரியப்பாவுக்கு அதே நூல் ஒன்றும் செய்யவில்லை. தோலுக்குத் தோல் வித்தியாசம். இருவருக்கும் ஒரே நூல் என்று முடிவு செய்வதற்கு முன்னால், அந்த நூலை ஒரு துண்டு பின்னி இரண்டு பேருடைய கழுத்திலும் கால் மணி நேரம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போது யாருக்குப் பின்னினாலும் அதைச் செய்கிறேன். கையில் வைத்துப் பார்ப்பது போதாது. உள்ளங்கைத் தோல் தடித்தது, பொய் சொல்லும்.

பிரிப்பதும் லேசில் முடியவில்லை. மொஹேரின் மெல்லிய இழைகள் பக்கத்துக் கண்ணியோடு பின்னிப் பிணைந்துவிடும், இழுத்தால் அறுந்துவிடும். குழுவில் ஒரு அம்மா சொன்ன வழி: ஒரு பையில் போட்டுக் கட்டி இரவு முழுவதும் ஃப்ரீசரில் வை. கறிவேப்பிலைப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இரண்டு குல்லாவும் ஓர் இரவு இருந்தன. காலையில் எடுத்துச் சூடு ஏறுவதற்குள் பிரித்தால், சிலிர்த்து நின்ற இழைகள் அடங்கிப் போய் வரிசை வரிசையாக வந்துவிடுகிறது. கை விறைத்துவிடும், அது வேறு.

உடலும் கரையும்

இரண்டாவது முறை உட்காருவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போய், கல்யாண ஆல்பத்தைக் காட்டச் சொன்னேன். 1984, பீட்டர்மாரிட்ஸ்பர்க். பெரியம்மா பிறந்த ஊர் அது. புடவை அரக்கு நிறம், மயில்கழுத்துக் கரை. அதைப் பார்த்தவுடனே எனக்கு வழி தெரிந்துவிட்டது.

புடவையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம், ஆனால் ஒரே புடவை. பெரியம்மாவுக்கு உடல் அரக்கு, விளிம்பு மட்டும் மயில்கழுத்து. பெரியப்பாவுக்கு உடல் மயில்கழுத்து, விளிம்பு அரக்கு. தனித்தனியாகப் போட்டால் ஒவ்வொன்றும் தானாக நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒருவர் உடல் இன்னொருவருக்குக் கரை. பெரியப்பாவுக்குச் சிவப்புச் சாயல் தலை முழுக்க வேண்டாம் என்று ஒரு தயக்கம் இருந்தது, அதுவும் தீர்ந்தது. கண்ணாடியில் பார்த்தது போல அச்சு அசலாக ஒன்றாக இருக்கும் ஜோடி உடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். என் கண்ணுக்கு அவை சீருடையாகத்தான் படுகின்றன. 40 வருடம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேர் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதில்லை. ஒருவர் மேல் ஒருவர் சாயம் ஏறியிருக்கிறார்கள்.

நூலும் மாறியது. அடி நூல் மெரினோ. வெளிப்பக்க ஜடைகளில் மட்டும் குட்டி ஆட்டு மொஹேர், பட்டு கலந்த மெல்லிய இழையாக, மெரினோவோடு சேர்த்துப் பிடித்துப் பின்னியது. நெற்றிப் பட்டை இரண்டாக மடியும். தோலைத் தொடும் உள்மடிப்பில் வெறும் மெரினோ மட்டும். பெரியப்பாவுக்கு இந்த உள்மடிப்பு தேவையே இல்லை, ஆனாலும் போட்டேன், கனம் ஒன்றாக இருக்கட்டும் என்று.

மாதிரித் துண்டை இந்த முறை ஜடையோடு, இரண்டு நூலும் சேர்த்துப் பின்னி, நனைத்து, துண்டில் சுருட்டி நீரை ஒற்றியெடுத்து, விரித்துக் காயவைத்துப் பிறகு அளந்தேன். 10 செண்டிமீட்டருக்கு 24 கண்ணி. ஒரு ஜடை சரியாக 5 செண்டிமீட்டர். அப்புறம் கணக்கு எளிது. பெரியம்மாவின் 54-க்கு 10 ஜடை, 50 செண்டிமீட்டர், 120 கண்ணி. பெரியப்பாவின் 59-க்கு 11 ஜடை, 55 செண்டிமீட்டர், 132 கண்ணி. இருவருக்கும் தலையைவிட 4 செண்டிமீட்டர் குறைவு. பிடிப்பு ஒன்று, எண்ணிக்கை வேறு. ஒரு ஜடை கூடுதல் என்பதைப் பெரியப்பா இரண்டு குல்லாவையும் மேஜையில் வைத்து எண்ணித்தான் கண்டுபிடித்தார்.

இன்னொரு விஷயம் மேஜையில் உட்கார்ந்து யோசித்திருந்தால் வந்திருக்காது. பெரியப்பா ஆகஸ்ட் தொடக்கத்தில் இரவு 8 மணிக்கு அந்த ஊரில் கேட்டை நட்சத்திரம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும் என்று எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் விருச்சிகத்தைத் தெற்கே சாய்வாகத்தான் பார்ப்போம். இங்கே அது தலைக்கு மேல் படுத்துக்கொள்ளும். காட்டுவதற்காகத் தலையை முழுக்கப் பின்னால் சாய்த்தார். நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். பின்கழுத்தில் மடிப்பு விழுந்து குல்லாவின் விளிம்பை மேலே தள்ளியது. முன்னால் தொண்டைக்குழி முழுக்கத் திறந்துகொண்டது. சால் சுற்றியிருந்தால் இந்நேரம் அவிழ்ந்து தொங்கியிருக்கும்.

அதனால் குல்லாவின் பின்பக்கத்தில் மட்டும் பாதி வரிசைகள் சேர்த்தேன். பாதி தூரம் பின்னி, திரும்பி, மறுபடி பின்னி, இப்படிப் பின்விளிம்பு 3 செண்டிமீட்டர் கூடுதலாக இறங்கியது. சாலுக்குப் பதில் தலைவழியாகப் போடும் கழுத்து வளையம். அது தாடைக்குக் கீழேயே நிற்கும் உயரம்தான் வைத்தேன். வாயை மூடினால் மூச்சின் ஈரம் கம்பளியில் ஏறும். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஈரமாகக் காட்டாமலே வாங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் உறைகிற இரவில் வாய்க்கு நேரே அந்த ஈரம் வேண்டாம். பெரியம்மாவிடம் ஒன்றுதான் கேட்டேன், பயணம் முடிகிறவரை கொண்டை வேண்டாம், ஒற்றை ஜடை போடுங்கள். கொண்டை இருந்தால் பின்விளிம்பு இறங்காது. "அப்போ குல்லாயில பத்து, முதுகுல ஒண்ணு, எனக்கும் பதினொண்ணு" என்றார்.

இருவர் கையுறை

கைக்கு விரல் பிரித்த கையுறை வேண்டாம் என்பது முதலிலேயே தெரிந்தது. பெரியப்பாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கியிருக்கின்றன. ஒவ்வொரு விரலாக நுழைப்பது அவருக்கு வேதனை. கட்டைவிரல் மட்டும் தனியாக இருக்கும் உறையில் நான்கு விரலும் ஒன்றையொன்று சூடாக வைத்துக்கொள்ளும், காற்றுப் படும் பரப்பும் குறைவு. ஆளுக்கு ஒரு ஜோடி, அதில் சிக்கல் இல்லை.

சிக்கல், நான் கூடுதலாகப் பின்ன நினைத்ததில். கோட்டுப் பையில் இரண்டு கை நுழைந்ததை நான் மறக்கவில்லை. மேல்நாட்டில் பின்னுகிறவர்களிடம் ஒரு வடிவம் உண்டு: ஒரே உறை, மேலே இரண்டு மணிக்கட்டு. கோத்த கைகள் இரண்டும் உள்ளே இருக்கும்.

முதலில் பின்னியதில் அரக்கு நிறத்தில் உடல், முன்பக்கம் மட்டும் ஒரு ஜடை. மனைவி இடப்பக்கம் என்ற நினைப்பில், பெரியப்பாவின் இடது கைக்கும் பெரியம்மாவின் வலது கைக்குமாக. அர்த்தநாரீசுவரர் நம் மனதில் அப்படித்தானே நிற்கிறார். கொண்டுபோய்க் கொடுத்தால் இருவரும் ஒரு நொடி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியப்பாவுக்கு இடது காது பல வருடமாகச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் பெரியம்மா எப்போதும் வலப்பக்கம்தான் நடப்பார், உட்காருவார், படுப்பார். மூன்று வருடமாகப் பழகுகிறேன், கவனிக்கவில்லை. உறையைத் திருப்பிப் போட்டால் கை சரியாகிவிடும், ஜடை பின்னால் போய்விடும்.

அதே வாரம் அரக்கு நூலும் தீர்ந்தது. வாங்கிய இரண்டு உருண்டை வேறு சாய லாட். கடை விளக்கில் ஒன்றாகத் தெரிந்தது, வீட்டு வாசல் வெயிலில் ஒரு மாற்று வெளுப்பு. திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறை தெரிந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஒரே சாயம், ஒரே அளவு, ஆனாலும் ஒவ்வொரு தொட்டியும் தனி. ஜோடிக்குப் பின்னும்போது மொத்த நூலையும் ஒரே லாட்டில், ஓர் உருண்டை கூடுதலாக வாங்கிவிடுவதைவிட நல்ல யோசனை எனக்குத் தெரியாது.

இரண்டு பிரச்சினையையும் ஒன்றாகத் தீர்த்தது கோடு. உடலில் ஜடையே வேண்டாம். இரண்டு வரிசை அரக்கு, இரண்டு வரிசை மயில்கழுத்து, மாற்றி மாற்றி. முன் பின் என்ற பேதம் போனது. நடுவில் வேறு நிறம் வருவதால் வெளுத்த அரக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை.

பின்னிய முறை இது. பெரியம்மாவின் மணிக்கட்டு 15 செண்டிமீட்டர், பெரியப்பாவுடையது 18. பெரியம்மாவுக்கு அரக்கில் 36 கண்ணி, பெரியப்பாவுக்கு மயில்கழுத்தில் 40 கண்ணி, இரண்டு மேலே இரண்டு கீழே என்ற ரிப் பின்னலில் தனித்தனிக் குழாய்களாக. அப்புறம் இரண்டையும் ஒரே வட்ட ஊசியில் ஏற்றிச் சேர்த்துச் சுற்ற ஆரம்பித்தால் 76 கண்ணி. வெற்றுப் பின்னலில் 10 செண்டிமீட்டருக்கு 22 என்றால் 34.5 செண்டிமீட்டர். இருவரையும் கை கோக்கச் சொல்லி அளந்தபோது வந்தது 33. ஒரு கண்ணிகூட கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கவில்லை. 15 செண்டிமீட்டர் நீளம் போய் அடியை மூடினேன். இரண்டு குழாயும் சேரும் கவட்டில் ஒரு ஓட்டை விழும். அதை வாலாக விட்ட நூலால் உள்பக்கத்திலிருந்து தைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காற்று நேரே அங்கேதான் புகும்.

கொடுக்கும்போது ஒரு கண்டிப்பு வைத்தேன். நிற்கும்போது மட்டும், நடக்கும்போது கூடாது. இருட்டில் ஒருவர் தடுக்கினால் இன்னொருவரையும் இழுத்துக்கொண்டு விழுவார். ரிப்பை இறுக்காமல் விட்டதும் இதற்குத்தான். என் எதிரிலேயே ஒரே இழுப்பில் கையை உருவிக் காட்டச் சொன்னேன், இருவரும் மூன்று முறை செய்து காட்டினார்கள்.

2 குல்லா, 2 கழுத்து வளையம், 2 ஜோடிக் கையுறை, 1 இருவர் கையுறை. மொத்தம் 550 கிராம் நூல். ஆடி பிறந்து ஒரு வாரத்தில் முடிந்தது.

சதர்லாந்துக்குப் பிறகு

முதல் இரவில் முக்கால் மணி நேரம் நின்றார்களாம். அமாவாசை முடிந்து ஓரிரு நாள் என்பதால் நிலா சீக்கிரம் இறங்கிவிட்டது. பால்வீதி தலைக்கு மேல் சாம்பல் கரைத்து ஊற்றியது போல இருந்தது என்றார் பெரியம்மா. குல்லா நகரவில்லை. பெரியம்மாவுக்கு நெற்றியில் ஒன்றும் இல்லை, ஆனால் கழுத்து வளையத்தின் மேல் விளிம்பில் மொஹேர் இழை ஒன்றிரண்டு தாடையில் பட்டதாகச் சொன்னார். அங்கேயும் உள்மடிப்பு போட்டிருக்க வேண்டும். அது என் கணக்கில் விட்டுப்போனது. பெரியப்பா கேட்டையைச் சுட்டிக்காட்ட எந்தக் கையை எடுத்தார் என்று கேட்டேன். இடது கை. வலது கை உள்ளே இருந்தது.

செப்டம்பரில் ஒரு தொலைபேசி. வீட்டில் யாரோ மொத்தச் செட்டையும் மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார்கள், வெந்நீரில். நான் சுருங்காத ரகமான சூப்பர்வாஷ் மெரினோவை எடுக்கவில்லை. அது நனைந்தால் தொய்ந்து நீளும், குல்லா பிடிக்காது என்று தவிர்த்தேன். சாதாரண மெரினோவின் ஒவ்வொரு இழையிலும் செதில் உண்டு. சூடும் சோப்பும் உலுக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு நெருங்கி, திரும்ப விலகாது. குளிர்ந்த தண்ணீர், கசக்க வேண்டாம், பிழிய வேண்டாம் என்று பெரியம்மாவிடம் வாயால் சொல்லியிருந்தேன். துணியில் ஒரு நாடாவில் எழுதித் தைத்திருக்க வேண்டும். துவைப்பவர் எல்லா நேரமும் நாம் சொன்ன ஆளாகவே இருப்பதில்லை.

குல்லாக்கள் கொஞ்சம் தடித்ததோடு தப்பின. மொஹேரில் செதில் மழுங்கல், அதனால் அது அவ்வளவாக இறுகுவதில்லை; ஜடைகளை அது காப்பாற்றியது என்று நினைக்கிறேன். வெறும் மெரினோவில் பின்னிய இருவர் கையுறைதான் அதிகம் போனது, 34.5 செண்டிமீட்டர் 28-க்கு வந்துவிட்டது. பெரியப்பாவின் கை இனி நுழையாது.

பெரியம்மா அதைத் தூக்கிப் போடவில்லை. போன ஞாயிறு போனபோது சோபாவில் உட்கார்ந்து, இரண்டு மணிக்கட்டு வழியாகவும் தன் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார். இறுகிப்போன கம்பளியில் காற்று புகாது, உள்ளே கதகதவென்று இருக்கிறது என்றார். என்னையும் கையை விட்டுப் பார்க்கச் சொன்னார். உண்மைதான்.

பெரியப்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "எனக்குக் கை இல்லாம போச்சே, புள்ள" என்றார். இப்போது அடுத்ததை ஊசியில் ஏற்றியிருக்கிறேன், மொத்த நூலும் ஒரே லாட்டில். 36-உம் 40-உம் முடிந்துவிட்டன, துவைக்கும் குறிப்பு எழுதிய நாடா உள்பக்கம் தைத்தாகிவிட்டது. உடலைச் சுற்ற ஆரம்பிக்கும் முன் இருவரும் வந்து கையைக் கோத்து இன்னொரு தடவை அளவு காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்றிருக்கிறார்கள்.